தாம்பாளத்தோடு வந்தவர்

எங்கள் மில் ஹாக்கி டீமின் மானேஜர், டீம் தோற்றுப்போனதை ஒருநாளும் தன் வாயால் சொன்னது கிடையாது. வெளியூரில் ஆட்டம் முடிந்ததும் பக்கத்திலிருக்கும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து முதலாளிக்குப் போன் போடுவார். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்போம்.

"நல்லா ஆடுனாங்கய்யா. கடைசி வரைக்கும் ஆடுனாங்க. இங்க வெயிலு ஜாஸ்திங்கய்யா. நாம ரெண்டு போட்டோம்யா."

எதிராளி எத்தனை போட்டான் என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்பார்கள் போல. இவர் கொஞ்ச நேரம் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டு நிற்பார். பிறகு, "அவங்களும் நல்லாத்தாய்யா ஆடுனாங்க" என்பார். மிச்சத்தை முதலாளிதான் புரிந்துகொள்ள வேண்டும்.

அவர் பெயர் வேண்டாம். நாங்களும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மானேஜர் சார்தான். மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். பெரிய முதலாளிக்கு ஹாக்கிப் பைத்தியம் பிடித்து டீம் ஆரம்பித்தபோது, கோபமே வராத ஆள் ஒருவர் வேண்டும் என்று தேடி இவரைப் பிடித்துப்போட்டார் என்று சொல்வார்கள். ஹாக்கி ஆடத் தெரியாது. ஸ்டிக்கை அவர் கையில் கொடுத்தால் மடக்கிய குடையைப் போல அக்குளில் இடுக்கிக்கொள்வார். ஆனால் யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல், யார் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரைப் பிடிக்காது என்று சொன்ன ஒரு ஆளை நான் காரைக்குடியில் பார்த்ததில்லை. பிடிக்காமல் போகிற மாதிரி எதையாவது சொன்னால்தானே?

செக்காலையில் ஒரு குடும்பம் எங்கள் லெஃப்ட் அவுட் ஆட்டக்காரனுக்குப் பெண் கொடுக்க நினைத்து, அவனைப் பற்றி விசாரிக்க இவரிடம் வந்தது. பொழுது சாய்ந்தால் பாட்டிலைத் தேடுகிறவன் அவன். டீமில் எல்லாருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். "பையன் எப்படிங்க?" என்று பெண்ணின் தகப்பனார் கேட்டார். மானேஜர் சார் யோசித்து, "பையன் எப்பவும் சந்தோசமா இருப்பாங்க" என்றார். கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அடுத்த வருஷமே அந்தப் பெண், இவரைத் தெருவில் பார்த்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்ள ஆரம்பித்தது. அதன் பிறகு அவர் அந்தத் தெரு வழியாக வருவதை விட்டுவிட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டு மில்லுக்கு வந்தார். நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

எங்கள் டீமைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மில் சம்பளத்தில் ஆடுகிற ஆட்கள் நாங்கள். காலையில் கொஞ்ச நேரம் டிபார்ட்மென்டில் தலையைக் காட்டினால் போதும், மத்தியானத்துக்கு மேல் மில்லுக்குப் பின்னால் இருக்கும் செம்மண் மைதானத்தில் பிராக்டிஸ். டீமை விட்டு எடுத்துவிட்டால் வேலை போகாது. ஆனால் முழு ஷிப்டு பார்க்க வேண்டும். பஞ்சுத் தூசிக்குள் மிஷினுக்கு முன்னால் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். அதோடு, டீக்கடையில் "வாங்க ஃபுல்பேக்கு" என்று கூப்பிடுகிறவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிடுவான். எனக்கு முன்னதைவிடப் பின்னதுதான் பெரிய பயம்.

டீமை விட்டு ஒரு ஆளை எடுப்பதற்குப் பெரிய முதலாளி ஒரு முறை வைத்திருந்தார். வெறுங்கையோடு போய் ஒருவனை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்பது அவர் கொள்கை. ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு வேட்டி துண்டு வைத்து, மானேஜர் அந்த ஆட்டக்காரன் வீட்டுக்கே போய், "இத்தனை வருசம் மில்லு பேரக் காப்பாத்துன, போதும்ப்பா" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். மரியாதைக்கு ஏற்பட்ட முறைதான். ஆனால் சீசன் ஆரம்பிப்பதற்கு முந்தின மாதத்தில் மானேஜர் சாரின் மொபெட் தெருவுக்குள் நுழைந்தாலே, எங்கள் வீட்டுப் பெண்கள் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். ஹேண்டில்பாரில் மஞ்சப்பை தொங்குகிறதா, அது தட்டையாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

உண்மையாகவே அவர் அந்தத் தாம்பாளத்தைக் கொடுத்தது ஒரே ஒரு தடவைதான். எங்கள் பழைய கோல்கீப்பருக்கு. அவர் சேதியைச் சொன்னதும் கீப்பர் "சரிங்க சார்" என்று வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாராம். தோள் மட்டும் குலுங்கியதாம். மானேஜர் சார் வந்த வேகத்தில் வெளியே வந்து மொபெட்டை எடுத்துவிட்டார். பாதி வழியில்தான் காலில் செருப்பு இல்லை என்று தெரிந்திருக்கிறது. திரும்பிப் போய் எடுக்கத் தைரியம் இல்லை. வெறுங்காலோடு டைம் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். கீப்பர் அதற்கப்புறம் மைதானத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. "அந்தச் செருப்பு இன்னும் அந்த வாசல்லதான்ப்பா கெடக்கும்" என்று ரொம்ப நாள் கழித்தும் என்னிடம் சொல்லியிருக்கிறார். கீப்பர் செய்தது தப்பா, இவர் செய்தது தப்பா என்று கேட்டால் யார் செய்ததும் தப்பில்லை. ஆனால் குற்றம் செய்தவரின் முகத்தோடு அலைந்தது இவர்தான்.

அடுத்த சீசனிலிருந்து தாம்பாளம் வீட்டுக்கு வரும், ஆனால் சேதி வராது. அதற்கு எங்கள் வீட்டுப் பெண்களும் ஒரு காரணம். எங்கள் பக்கத்தில் பெண் கேட்டுப் போனாலும் சரி, பஞ்சாயத்துப் பேசப் போனாலும் சரி, போன காரியம் முடியாமல் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், ஒரு வாய் சாப்பிட மாட்டார்கள். கை நனைத்துவிட்டால், அந்த வீட்டுக்கு ஆகாத பேச்சை அன்றைக்குப் பேச முடியாது. இதை முதலில் பயன்படுத்திக்கொண்டது எங்கள் ரைட் இன் ஆட்டக்காரரின் மனைவி. மானேஜர் சார் வாயைத் திறப்பதற்குள் இலையைப் போட்டு இட்லியை வைத்துவிட்டார். இவர் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும், "இந்தப் பக்கமா அரியக்குடி கோயிலுக்குப் போயிட்டு வந்தேந்த்தா, பெருமாள் பிரசாதம்" என்று பழத்தை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு வேட்டி துண்டோடு கிளம்பிவிட்டார். சேதி டீமுக்குள் பரவ எவ்வளவு நேரமாகும்? அடுத்தடுத்த வருஷங்களில் முப்பத்தைந்து தாண்டிய ஆட்கள் வீட்டிலெல்லாம் அரியக்குடிப் பெருமாளின் வாழைப்பழம் வந்து சேர்ந்தது. பெருமாளுக்கே அது தெரிந்திருக்காது.

இப்படித்தான் எங்கள் டீமுக்கு வயதாகியது. ஒருவரையும் எடுக்க முடியாததால் ஒருவரும் புதிதாக வரவில்லை. முன்பெல்லாம் மே மாதப் போட்டிகளில் காரைக்குடி மில் டீம் வருகிறது என்றால் எதிராளிகள் பயத்தோடு விசாரிப்பார்கள். போகப் போக, முதல் சுற்றில் எங்களோடு மோதுவதற்கு வேண்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். கோவை டீம்காரன் ஒருவன் என்னைப் பார்த்து, "என்னண்ணே, ஒங்க டீமுல பென்ஷன் எல்லாம் உண்டா?" என்று கேட்டான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

என் விஷயத்துக்கு வருகிறேன். என் வலது முழங்கால் போய் ரொம்ப நாளாகிவிட்டது. காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் முதல் நடை. ஆனாலும் கோலுக்கு முன்னால் தடுத்து நிற்கும் ஃபுல்பேக் இடத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியவில்லை, ஆஃப்சைடு விதி இருந்ததால். எதிராளி நம் ஆட்களைத் தாண்டி கோல் பக்கம் முன்கூட்டியே வந்து நின்று பந்தை வாங்கினால் அது தப்பாட்டம். அவன் ஓடி வருகிற சமயம் பார்த்து நான் ஒரு எட்டு முன்னே வைத்து, கையை மேலே தூக்குவேன். அம்பயர் விசில் ஊதுவார். ஓட வேண்டிய அவசியமே இல்லை. என் முழங்காலை அந்த ஒரு எட்டு மறைத்துக்கொண்டிருந்தது. திடீரென்று ஹாக்கியில் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். இனி எதிராளி எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், திரும்பி ஓடிப் பிடிக்க முடிந்தவன்தான் ஃபுல்பேக். போதாக்குறைக்குப் பெரிய போட்டிகளெல்லாம் செயற்கைத் தரைக்குப் போய்விட்டன. செம்மண்ணில் தட்டுத்தடுமாறி வருகிற பந்து அங்கே வழுக்கிக்கொண்டு பறக்கும்.

புதிய சீசனுக்கு முன்னால் பெரிய முதலாளி படுத்த படுக்கையாகிவிட, அவர் மகன் பொறுப்புக்கு வந்தார். சின்னவர் என்போம். அவர் மானேஜர் சாரைக் கூப்பிட்டு, இந்த சீசனில் டீம் உருப்படியாக ஆடாவிட்டால் கலைத்துவிடப்போவதாகவும், கிழடுகளை எடுத்துவிட்டுப் புது ஆட்களைப் போடச் சொல்லியும் சத்தம் போட்டிருக்கிறார். வெளியே நின்ற பியூன் அதை எங்களிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டான். மானேஜர் சாரோ சாயங்காலம் மைதானத்துக்கு வந்து, "சின்னவரு நம்ம டீமு மேல ரொம்ப ஆர்வமா இருக்காருப்பா" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

புது ஆள் என்றால் அது அருள்தான் என்று எல்லாருக்கும் தெரியும். சாக்கோட்டைப் பையன். அவன் அப்பா மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். கல்லூரி டீமில் ஃபுல்பேக் ஆடிவிட்டு, மில் டீமில் சேர வேண்டும் என்று சைக்கிள் மிதித்து எங்களோடு பிராக்டிஸுக்கு வந்துகொண்டிருந்தான். சம்பளம் கிடையாது. மில்லில் ஆட்டக்காரர்களுக்கு என்று இருந்த இடங்கள் நிரம்பியிருந்தன. ஒருவர் போனால்தான் ஒருவர் வரலாம். ஃபுல்பேக் இடத்தில் போக வேண்டியவன் நான்தான். ஒவ்வொரு வருஷமும் மானேஜர் சார் அவன் தோளில் கை போட்டு, "அடுத்த சீசன் பாத்துக்கலாம்ப்பா, அந்த எடம் ஒனக்குத்தான்" என்பார். அவனிடமும் இல்லை என்று சொல்ல வரவில்லை. அருள் அதை அப்படியே நம்பினான். என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவான்.

சின்னவர் ஒருநாள் பிராக்டிஸ் பார்க்க வந்தார். காரை விட்டு இறங்கி, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றார். ஆள் குறைவு என்று அருள் அன்றைக்கு எதிர்ப்பக்கம் ஃபார்வேர்டு ஆடினான். முதல் பந்தை வாங்கி என்னைத் தாண்டிப் போனான். நான் திரும்புவதற்குள் பந்து கோலில் கிடந்தது.

"யாரு அந்த ஃபுல்பேக்கு? என்ன வயசாகுது?" என்று சின்னவர் கேட்டது எங்கள் காதில் விழுந்தது.

"நல்ல அனுபவசாலிங்கய்யா" என்றார் மானேஜர் சார்.

"நான் வயசக் கேட்டேன்."

"வயசுக்கேத்த அனுபவந்தாங்கய்யா."

அருளும் அதைக் கேட்டுவிட்டான். அடுத்த தடவை பந்தோடு வந்தபோது என் முகத்தைப் பார்த்தான். தாண்டிப் போகிற தூரத்தில் இருந்தவன், ஒரு கணம் தயங்கி வேகத்தைக் குறைத்து, பந்தை என் மட்டைக்கு நேராக விட்டுக்கொடுத்தான். நான் எடுத்து அடித்தேன். அதற்கடுத்த பந்தும் அப்படியே. முதலாளி முன்னால் அண்ணனை அவமானப்படுத்தக் கூடாது என்று நினைத்திருக்கிறான். தன்னைப் பார்க்க வந்த ஒரே நாளில் அவன் தன் ஆட்டத்தை மறைத்துக்கொண்டான். இது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். பந்தை அடித்துவிட்டு சின்னவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன், நான் அடித்ததை அவர் கவனித்தாரா என்று.

காரில் ஏறும்போது சின்னவர் மானேஜர் சாரிடம் சொன்னார்: "யார எடுக்குறது, யாரப் போடுறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனா ஒரு முடிவு பண்ணுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்குள் மொபெட் வந்தது. மஞ்சப்பை தொங்கியது. தட்டையாகத்தான் இருந்தது.

என் மனைவி சரோஜா ஜன்னலில் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் நேராக அடுக்களைக்குப் போய்விட்டாள். அவர் படியேறி, பையிலிருந்து தாம்பாளத்தை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டைக் காலர் நனைந்திருந்தது. வருகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பார். உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"வாங்கண்ணே, வாங்க! என்ன நின்னுக்கிட்டே இருக்கீக? எம்புட்டு நாளாச்சு நீங்க இங்குட்டு வந்து" என்று சரோஜா கையில் செம்போடு வந்தாள்.

"இல்லத்தா, ஒரு விசயம் பேசிட்டு…"

"பேசலாம்ணே. எங்க ஓடிப்போகப் போகுது? இன்னைக்குச் சோத்துக்கு வெண்டைக்கா மண்டி வச்சிருக்கேன். ஒங்களுக்குப் பிடிக்குமேன்னு இப்பத்தான் இவுககிட்டச் சொல்லிக்கிட்டிருந்தேன். வாசன பிடிச்ச மாதிரி வந்துட்டீக."

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை நன்றாக ஞாபகம் இருக்கிறது. சொல்லவும் முடியாமல், சொல்லாமல் போகவும் முடியாமல், என்னிடம் எதையோ கேட்டார். 'சார், நீங்க வந்த விசயம் தெரியும், நானே ஒதுங்கிக்கிறேன்' என்று நான் சொல்லியிருந்தால் அவர் அங்கேயே என்னைக் கட்டிப்பிடித்திருப்பார். நான் எழுந்து, தாம்பாளத்தை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிப் பக்கத்து ஸ்டூலில் வைத்தேன். "மொதல்ல கையக் கழுவுங்க சார்" என்றேன்.

அவர் சாப்பிட்டார். அளவாகச் சாப்பிடுகிறவர் அன்று கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சோறு வாயில் இருக்கிறவரை பேச வேண்டியதில்லை என்று நினைத்தாரோ என்னவோ. ஒரு கட்டத்தில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "ஏப்பா, அந்தப் பய அருளு…" என்று ஆரம்பித்தார்.

"நல்ல பையன் சார். இன்னும் கொஞ்சம் மண்டி போடச் சொல்லவா?" என்றேன்.

"போடச் சொல்லு" என்றார்.

கை கழுவிவிட்டு வந்து, ஸ்டூலில் இருந்த தாம்பாளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பழச்சீப்பை எடுத்து சரோஜா கையில் கொடுத்து, "அரியக்குடி போயிட்டு வந்தேந்த்தா" என்றார். குரல் பிசிறியது. மொபெட் தெருமுனை திரும்பியதும் சரோஜா பெருமூச்சு விட்டாள். நான் அந்தப் பழத்தில் இரண்டு தின்றேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இப்போது மாற்றிச் சொல்லி என்ன பிரயோஜனம்?

சீசன் நாங்கள் பயந்தபடியே நடந்தது. முதல் போட்டியே மெட்ராஸில், செயற்கைத் தரையில். பந்து என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு தடவை எதிராளி எனக்குப் பின்னால் தனியாக நின்று பந்தை வாங்கியபோது, பழக்கதோஷத்தில் ஒரு எட்டு முன்னே வைத்துக் கையைத் தூக்கிவிட்டேன். இல்லாத விதிக்குக் கை தூக்கிக்கொண்டு நான் நிற்க, அம்பயர் பாவம் பார்த்துத் தலையை ஆட்டினார். கேலரியில் ஒரே சிரிப்பு. வெளியே மானேஜர் சார் மட்டும் சிரிக்காமல், தலையைக் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று போன் போடும்போது, "நல்லா ஆடுனாங்கய்யா" என்பதுகூட அவருக்கு வரவில்லை. ரிசீவரைக் காதில் வைத்தபடி சும்மா நின்றார்.

டீமைக் கலைத்த சேதியைச் சின்னவரே கேண்டீனுக்கு வந்து சொல்லிவிட்டார். தாம்பாளமும் இல்லை, வெற்றிலையும் இல்லை. மானேஜர் சார் வருஷக்கணக்காகச் சொல்ல முடியாமல் தவித்ததை அவர் டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்தார். எங்களுக்கு வேலை இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து முழு ஷிப்டு. மில்லில் வேலையே இல்லாத அருளுக்குச் சொல்ல மட்டும் யாரும் இல்லை.

"நீயும் வாப்பா" என்று மானேஜர் சார் என்னைக் கூப்பிட்டார். மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து சாக்கோட்டைக்குப் போனேன். தாம்பாளம் என் மடியில் இருந்தது. அதில் பழமும் வேட்டி துண்டும் முறைப்படி இருந்தன. டீமிலேயே சேராத ஆளுக்கு எதற்குத் தாம்பாளம் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அருள் வீட்டில் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். அருளின் அம்மா எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "சார் வந்திருக்கீகளா, ஒக்காருங்க, சாப்ட்டுட்டுத்தான் போகணும்" என்று உள்ளே திரும்பினார். வேலை உத்தரவாகிவிட்டது என்று நினைத்துவிட்டார் பாவம்.

"இல்லம்மா. மொதல்ல சொல்லிர்றேன்" என்றார் மானேஜர் சார். நின்றுகொண்டே சொன்னார். "டீமு இல்லப்பா அருளு. கலைச்சுட்டாங்க. இனிமே நம்ம மில்லுல அந்த வேல கெடையாது."

அவர் வாயிலிருந்து அவ்வளவு நேரான வாக்கியம் வந்து நான் கேட்டதே இல்லை.

அருள் கொஞ்ச நேரம் தாம்பாளத்தைப் பார்த்தான். "தெரிஞ்சதுதான் சார். டீமு ஆடுனத நானுந்தானே பாத்தேன்" என்றான். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னான்: "போன வருசமே இல்லன்னு சொல்லியிருந்தீகன்னா, மெட்ராசுல ஒரு கம்பெனி டீமுல கூப்பிட்டாக, போயிருப்பேன் சார். நீங்க அடுத்த சீசன் ஒனக்குத்தான்னு சொன்னீக. அதான் வரலன்னுட்டேன். இப்பப் போயிக் கேட்டேன், வயசு தாண்டிருச்சுங்கறாக."

அவன் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் கழித்து உள்ளே போய் எங்கள் இரண்டு பேருக்கும் இலை போட்டார். போட்ட இலையை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு என்ன யோக்கியதை இருந்தது? சாப்பிட்டோம். அருள்தான் பரிமாறினான்.

திரும்பும் வழியில், கண்மாய்க் கரையில் மானேஜர் சார் மொபெட்டை நிறுத்தினார். வண்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்து இறங்கினேன். அவர் இறங்கவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்குத்தான் வாய் வரல. அது ஊருக்கே தெரியும். ஏப்பா, முழங்காலு ஒன்னோடதுதானே? ஒனக்குமா தெரியாமப் போச்சு?"

இத்தனை வருஷத்தில் அவர் ஒரு மனிதனைப் பார்த்துக் கேட்ட கடுமையான கேள்வி அது ஒன்றுதான். நான் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

மறுநாள் காலை, முழு ஷிப்டுக்கு நான் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. மானேஜர் சார் நின்றுகொண்டிருந்தார். கையில் தாம்பாளமும் இல்லை, பையும் இல்லை. சவரம் செய்யாத முகம், கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நேத்து ஒரு வார்த்த பேசிட்டேன்ப்பா. பேசியிருக்கக் கூடாது. பிள்ளகுட்டிக்காரன் நீ, ஒன்னயப் போயி… ராத்திரி பூரா தூக்கமில்ல. மனசுல வச்சுக்கிறாத. என்னய மன்னிச்சிரு" என்றார்.

நீங்கள் கேட்டதுதான் சரி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சரோஜா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்ல சார், விடுங்க. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நல்ல மனசுப்பா ஒனக்கு" என்றார்.